ஐஸ் கட்டக் கூடாத பிரிட்ஜ்

பிரிட்ஜ் சரியாகக் கூலாகவில்லை என்று சொல்லித்தான் ஜனங்கள் என்னைக் கூப்பிடுவார்கள். அளவுக்கு மீறிக் குளிர்கிறது, கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டவர், இத்தனை வருஷத் தொழிலில் அந்த ஆஸ்பத்திரி சிஸ்டர் ஒருவர்தான்.

அது சித்திரை மாதம். செஞ்சியில் சித்திரை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று பக்கமும் பாறை. சாயங்காலம் சூரியன் இறங்கிய பிறகும் ராஜகிரி மலையிலிருந்து அனல் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வெயிலில் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். குள்ளமான உருவம். இறுக்கி முடிந்த கொண்டை. கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்.

"தம்பி, இதுல ஐஸ் கட்டுது. கட்டக் கூடாது."

"பிரிட்ஜுன்னா ஐஸ் கட்டாம இன்னா பண்ணும் சிஸ்டர்?"

"மேல் தட்டுல கட்டட்டும், அங்க நான் ஒண்ணும் வெக்கல. கீழ கட்டக் கூடாது. ரெண்டு டிகிரிக்குக் கீழ எறங்கக் கூடாது, எட்டுக்கு மேல ஏறக் கூடாது."

கதவைத் திறந்தேன். உள்ளே தக்காளி இல்லை, மாவுப் பாத்திரம் இல்லை, ஒரு பாட்டில் தண்ணீர்கூட இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாகப் படுக்கவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளித்தாள் சுற்றிய தட்டையான பொட்டலங்கள். கூடவே புது ஷூ டப்பாவில் போடுவார்களே, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பை, அது இரண்டு மூன்று. நடுத்தட்டில் ஒரு தெர்மாமீட்டர். கதவுப் பிடியில் நூல் கட்டித் தொங்கவிட்ட நோட்டு. அதில் காலை எத்தனை டிகிரி, மாலை எத்தனை டிகிரி என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார்.

"ஊசி மருந்துங்களா?"

"பிலிம் தம்பி. எடுத்த ஒடனே படம் வருமே, அந்த கேமராவுக்குப் போடறது. இப்ப எங்கயும் செய்யறதில்ல. நிறுத்திட்டாங்க."

"செய்யறதையே நிறுத்திட்டாங்கன்னா, இதை வெச்சிக்கினு இன்னா சிஸ்டர் பண்றது?"

"நிறுத்திட்டாங்க, அதனாலதான் வெச்சிருக்கேன்."

குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போயிருந்தது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றிக் கொடுத்தேன். ஆனால் அவர் என்னைப் போக விடவில்லை. தெர்மாமீட்டர் நாலில் வந்து நிற்கும்வரை உட்காரவைத்துவிட்டார். இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் நான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டது, ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை, மகன் ஓசூரில், பூர்வீகம் பனமலை. அவ்வளவுதான். பிலிம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன். அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு ஒன்று உண்டு. பொட்டலத்தின் மேல் காலாவதி தேதி அச்சடித்திருக்கும். எல்லாமே என்றோ முடிந்துபோன தேதிகள். அதை யாராவது சுட்டிக்காட்டினால், "அது செஞ்சவன் போட்ட தேதி. வெச்சிருக்கறவ போடற தேதி வேற" என்பார். சிரிக்காமல் சொல்வார். அப்படிச் சொல்லிவிட்டு டப்பாவின் மூடியை இரண்டு தடவை அழுத்திப் பார்ப்பார். ஒரு தடவை மூடினால் அவருக்குப் போதாது.

ஒரு கோடையில் எங்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போதே அவர் ஞாபகம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஒரு அகலத் தாம்பாளத்தில் ஐஸ் பார் உடைத்துப் போட்டிருந்தார். மீன்காரரிடம் வாங்கி, மரத்தூளில் புரட்டிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஐஸ். பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வெக்காம ஏன் சிஸ்டர் பாத்துக்கினு இருக்கீங்க? உருகிடப் போவுது."

"வேர்க்கணும் தம்பி. ஃப்ரெஷ்ஷா வெச்சா பக்கத்துல இருக்கறது ஒறஞ்சிடும். ஒறஞ்சா உள்ள இருக்கற மருந்து செத்துப் போவும். ஐஸ் மேல தண்ணி முத்து முத்தா வரணும். அப்பத்தான் அது சாந்தமாயிடுச்சின்னு அர்த்தம்."

பிரசவ வார்டுக்கு வருமுன் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பழகிய கை அது. ஐஸ் வேர்த்ததும் துண்டில் சுற்றி, பிரிட்ஜின் அடித்தட்டில் அடுக்கிக் கதவைச் சாத்தினார். நாள் முழுக்க பிரிட்ஜுகளோடு மல்லுக்கு நிற்கிற எனக்கு, கரண்டே இல்லாமல் அதை ஆறு டிகிரியில் நிறுத்த முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு நாளும் நோட்டில் ஒரு வேளைகூட விடுபடவில்லை. டூட்டிக்குப் போன நேரத்தில் எதிர்வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தார்.

லீவு நாளில் அவரைச் செஞ்சியில் பார்க்க முடியாது. திண்டிவனம், விழுப்புரம், பாண்டி என்று பஸ் பிடித்துவிடுவார். பழைய ஸ்டுடியோக்களாகத் தேடுவார். பாஸ்போர்ட் போட்டோவை உடனுக்குடன் எடுத்துக் கொடுப்பதற்காக ஒரு காலத்தில் அந்த பிலிமை வாங்கி அடுக்கியிருந்தவர்கள் உண்டு. இன்று அந்தக் கடைகள் ஜெராக்ஸ் கடையாகவோ செல்போன் கவர் கடையாகவோ மாறியிருக்கும். அங்கே போய், "முன்ன இங்க போட்டோ எடுத்தவரு வீடு எங்க?" என்று கேட்பார். பத்து வீடு ஏறினால் ஒரு வீட்டில் ஒன்று கிடைக்கும். கிடைத்ததில் பாதி செத்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்கு ஒரு பழைய கம்ப்ரசர் எடுக்கப் போக வேண்டியிருந்தது. என் லோடு வண்டியில் அவரும் வந்தார். மடியில் தடுப்பூசி கொண்டுபோகும் மாதிரி ஒரு நீலப் பெட்டி.

அங்கே சிஸ்டர் விசாரித்து வைத்திருந்த ஒரு வீட்டுக்காரர் ஸ்டுடியோவை மூடிப் பல வருஷமாகியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார். பரணிலிருந்து பதினோரு பொட்டலம் இறக்கிப்போட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கிடந்த பொட்டலங்கள். சிஸ்டர் ஒன்றைக் கையில் வாங்கியதுமே அவர் முகம் மாறியது. இருந்தாலும் கேமராவில் போட்டு, அந்த மனிதரையும் அவர் மனைவியையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். பக்கவாட்டில் நீளும் காகிதத்தைப் பிடித்து ஒரே சீராக இழுத்தார். அப்படி இழுக்கும்போது உள்ளே இருக்கும் உருளைகள் மருந்துப் பையை நசுக்கிப் படத்தின் மேல் பரப்புமாம். கொஞ்ச நேரம் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு மேல்தாளை உரித்தார். கீழே படம் இல்லை. காய்ந்த டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு.

"வெயில் குடிச்சிடுச்சி" என்றார்.

அப்போது அந்த மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வீட்டு பிரிட்ஜுல ரெண்டு இருக்குது. அதை நான் குடுக்கறதா இல்லீங்க. கடைசி ரெண்டு. என் தொழிலோட கடைசிப் படத்த என் கையால எடுக்கணும்னு வெச்சிருக்கேன்."

நான் கெஞ்சிப் பேசலாம் என்று வாயெடுத்தேன். சிஸ்டர் என் கையைத் தட்டி நிறுத்திவிட்டு, எதற்கு என்று அவரிடம் சொன்னார். நானும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"நான் பிரசவ வார்டுல இருக்கறேன் சார். எல்லாக் கொழந்தையும் அழுதுகிட்டு வெளிய வர்றதில்ல. சிலது செத்தே பொறக்கும். வீட்டு ஆளுங்க அம்மாகிட்ட காட்ட மாட்டாங்க, மனசு தாங்காதுன்னு. மயக்கம் தெளியறதுக்குள்ள துணியில சுத்தி எடுத்துகிட்டுப் போயிடுவாங்க. அனந்தபுரத்துப் பொண்ணு ஒருத்தி. ஒரு மாசம் கழிச்சி என்கிட்ட வந்து, 'எம்புள்ள எப்பிடி இருந்துச்சி சிஸ்டர்?'னு கேட்டா. என் கையிலதான் பொறந்துச்சி. எனக்கு நெனப்பு இல்ல சார். கறுப்பா செவப்பா, முடி இருந்துச்சா இல்லையா, ஒண்ணும் சொல்லத் தெரியல. எங்க ஆஸ்பத்திரியில இருந்த தோல் டாக்டரம்மா ரிட்டயர் ஆவும்போது இந்த கேமராவ எனக்குக் குடுத்துட்டுப் போயிருந்தாங்க. அன்னைக்குத்தான் அதைத் தொறந்தேன்."

"அதுக்கு இப்பத்தான் போன் இருக்குதே" என்றார் வீட்டுக்காரர்.

"போன்ல எடுத்தா அது எத்தனை பேரு கைக்குப் போவும் சார்? தள்ளித் தள்ளிப் பாக்கற படமா அது? இதுல ஒண்ணே ஒண்ணுதான் வரும். நகல் கெடையாது. அது அவளோடது மட்டும்."

அந்த மனிதரின் மனைவி அதுவரை சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனார். பிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பொட்டலத்தையும் எடுத்துவந்து சிஸ்டர் கையில் வைத்தார்.

"எனக்கும் மொதக் கொழந்த அப்பிடித்தான் போச்சிம்மா. ஊருக்கே படம் எடுத்தாரு இவரு. அதை மட்டும் எடுக்கல."

அந்த மனிதர் தரையைப் பார்த்தார். "எடுக்கலாம்னு எனக்குத் தோணலயே" என்றார்.

சிஸ்டர் பொட்டலங்களை நீலப் பெட்டியில் வைத்து மூடியை இரண்டு தடவை அழுத்தினார். செஞ்சி வந்து சேரும்வரை நான் ரேடியோவைப் போடவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒன்று போயிருக்கிறதா என்று ஊரில் பலர் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். "இல்லையே. எனக்கு ரெண்டும் நல்லாத்தான் பொறந்துச்சி" என்றார். என் முகத்தைப் பார்த்து, "எனக்கு நடந்தாத்தான் எனக்குப் புரியணுமா?" என்று கேட்டார். எத்தனை படம் எடுத்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, "எண்ணறதில்ல தம்பி" என்றார். டிகிரியை ஒரு வேளை விடாமல் எழுதிய மனுஷி அதை மட்டும் எண்ணவில்லை. எல்லாத் தாய்மார்களும் படம் வேண்டும் என்று சொல்வதில்லை. வேண்டாம் என்றால் கேமராவை வெளியே எடுக்கவே மாட்டார். எடுத்து வையுங்கள், பிறகு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே போனவர்களின் படங்கள் அவர் பீரோவில் பழுப்புக் கவர்களில் இருந்தன. கவர் மேல் தாயின் பெயர் மட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஓசூருக்குப் போனபோது துணிமணியை லாரியில் ஏற்றினார். அந்தக் கவர்களை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிலிம் அதற்கு முன்பே தீர்ந்துபோயிருந்தது. ஆனால் யாராவது வந்து கேட்டால் கொடுக்கச் சொல்லி, தன் போன் நம்பரை வார்டில் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

என் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைச் சொல்லி முடியாது.

திருவண்ணாமலை போய்வந்த அடுத்த மார்கழியில் என் மனைவி சுமதிக்கு எட்டு மாதம். இரண்டு நாளாக அசைவே தெரியவில்லை என்றாள். ஸ்கேன் செய்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். மறுநாள் காலையில் பிரசவமானது. பெண். அழவில்லை.

என் அம்மா வல்லத்திலிருந்து வந்திருந்தார். வராந்தாவில் என் தோளைப் பிடித்து, "இன்னாடா நிக்கற? அவ கண்ணத் தொறக்கறதுக்குள்ள எடுத்துக்கினு போயிடு. பாத்தா பைத்தியம் புடிச்சிடும்டா அவளுக்கு" என்றார்.

நான் சிஸ்டரிடம் போனேன். "துணியில சுத்திக் குடுத்துடுங்க சிஸ்டர். எடுத்துட்டுப் போயிடறோம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். அந்த பிரிட்ஜுக்கு நாலு வருஷம் காவல் இருந்தவன் நான். அந்த பிலிம் எதற்கென்று திருவண்ணாமலையில் என் காதால் கேட்டவன். என் முறை வந்தபோது எனக்கும் துணியில் சுற்றத்தான் தோன்றியது.

சிஸ்டர் சுமதியின் தலைமாட்டில் போய்க் குனிந்தார். அவள் விழித்துத்தான் இருந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"சுமதி, பாக்கறியாம்மா?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "வேணாம்."

"சரி, பாக்க வேணாம். நான் ஒரு படம் எடுத்து வெக்கட்டுமா? நீ எப்ப கேட்டாலும் குடுப்பேன். கேக்காமலே இருந்தாலும் சரி. எடுக்கட்டுமா, அதை மட்டும் சொல்லு."

சுவரைப் பார்த்தபடியே அவள் சரி என்று லேசாகத் தலையசைத்தாள்.

சிஸ்டர் வெந்நீர் வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டினார். உயிருள்ள குழந்தையைக் குளிப்பாட்டுவது போலவே, தண்ணீரின் சூட்டை முழங்கையில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினார். நான் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருந்தது. "அம்மா, இங்க வாங்க. தலையத் தாங்கறதுக்கு ஒரு ஆள் வேணும்" என்று என் அம்மாவைக் கூப்பிட்டார். எடுத்துக்கொண்டு போ என்று சொன்ன என் அம்மா போய்ப் பேத்தியின் தலையைத் தாங்கினார்.

முதல் படத்தில் காகிதம் பாதியில் கிழிந்துவிட்டது. இரண்டாவதில் மருந்து பரவவே இல்லை என்று சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. அது திருவண்ணாமலை அம்மா கொடுத்த பொட்டலம் என்று பிறகு தெரிந்தது. பிரிட்ஜில் இன்னும் எத்தனை மிச்சம் என்றும், அதற்காக எத்தனை பேர் வருவார்கள் என்றும் அவருக்குத் தெரியும். போதும் என்று சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். மூன்றாவது தடவை கேமராவின் சத்தம் கேட்டது. காகிதம் இழுபடும் சத்தம், இந்த முறை சீராக. மார்கழிக் குளிரில் படம் மெதுவாகத்தான் வருமாம். அதனால் அதைக் கக்கத்தில் வைத்து உடம்புச் சூட்டில் அணைத்துக்கொண்டு எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பக்கத்துக் கட்டில்காரி பேச்சை நிறுத்திவிட்டாள். நூறு தாண்டியது. நூற்றைம்பது தாண்டியது. பிறகு தாள் உரிபடும் சத்தம்.

"வந்திருக்குது" என்றார் சிஸ்டர்.

நான் திரும்பவில்லை. படம் காய்ந்ததும் கவரில் போட்டுக்கொண்டார். குழந்தையை வாங்கிக்கொண்டு போனபோதும் நான் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் நிலத்து ஓரத்தில் அடக்கம் செய்தோம்.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சுமதி பழையபடி சமைத்தாள், ரேஷனுக்குப் போனாள், எங்களோடு தங்கிவிட்ட மாமியாரோடு மணிலாக்கொட்டை உரித்தாள். சாப்டியா, வந்துட்டீங்களா என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சில்லை. ஏழு மாதம் போனது. ஆடி மாதம் ஒரு மத்தியானம் நான் வேலைக்கு நடுவில் சாப்பிட வந்தபோது, புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சிஸ்டர் வீட்டுக்குப் போவணும்" என்றாள்.

எங்களைப் பார்த்ததுமே சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. பீரோவைத் திறந்து கவரை எடுத்து சுமதியின் கையில் கொடுத்துவிட்டு, அவளை உள்அறையில் உட்காரவைத்தார். என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார். குழாயடியில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "இருங்க" என்றார். கடிகாரத்தைப் பார்க்காமல் நின்றார். அவர் எண்ணாமல் காத்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அரைமணி நேரம் இருக்கும். சுமதி பின்வாசலுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"நீங்களும் வந்து பாருங்க" என்றாள். என் கையைப் பார்த்துவிட்டு, "கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

கம்ப்ரசர் ஆயில் அப்படியே இருந்தது. சிஸ்டர் சோப்பை எடுத்துக் கொடுத்து, சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினார். நகக்கண்ணெல்லாம் தேய்க்கவைத்தார். தன் முந்தானையிலேயே என் கையைத் துடைத்துவிட்டு, "படத்த ஓரமாப் புடிங்க தம்பி" என்றார். அவர் எங்களோடு உள்ளே வரவில்லை.

சின்னப் படம். இடது மூலையில் மருந்து பரவாமல் ஒரு பழுப்புக் கறை. மற்றதெல்லாம் துல்லியம். கீழே என் அம்மாவின் கை, கண்ணாடி வளையலோடு. அந்தக் கைக்குள் என் மகள். தலை நிறைய முடி. கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு, புருவத்தைச் சுளித்துக்கொண்டு, யாரிடமோ சண்டைக்கு நிற்பது மாதிரி இருந்தாள்.

"கோவமா இருக்கறா பாத்தீங்களா?" என்றாள் சுமதி.

"ஆமா" என்றேன். "உன்ன மாதிரியே."

எங்கள் மகளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு அதுதான்.